குடைக்கு மூன்று அடையாளம்

கடிதம் காணாமல் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. மூத்தவள் அதைத் தேடவில்லை.

பேருந்தில் போன பொருளைத் தேட ஊரில் ஒரே இடம்தான் உண்டு. பேருந்து நிலையத்தின் பின்பக்கம் இருக்கும் தொலைந்த பொருள் அலுவலகம். அங்கே ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் அவள் தம்பி. போய் நின்றால் என்ன கடிதம் என்று கேட்பான். அவனிடம் மழுப்பிவிட்டு வர முடியாது. அதனால்தான் போகவில்லை என்று தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தாள்.

அந்தக் கடிதம் போன வாரம் வந்தது, அவளை வேலைக்கு அழைத்து. வேறு ஊரில் ஒரு பெரிய லேப். செயற்கைப் பல் செய்கிற இடம். பீங்கான் பல் பிரிவை அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

இன்று திங்கள்.

வீட்டில் மூன்று பேர். அம்மா போய் ஆறு வருஷம். தம்பிக்கு இருபத்தெட்டு வயது. ஆட்டிசம் என்று அவனுடைய நாலாவது வயதிலேயே டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அவனுக்கு நிரந்தரமாக ஒரு வேலை அமைந்தால் அவள் பெட்டியைக் கட்டலாம். அமையாவிட்டால் கட்ட முடியாது. அவனுடைய ஒரு மாதச் சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது.

இதையெல்லாம் நினைத்தபோது அவளுக்குப் படபடப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் தொட்டது தெரிகிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

காலையில் தம்பி எட்டு பத்துக்குக் கிளம்பினான். ரொட்டி இரண்டு, முட்டை ஒன்று, தண்ணீர் அரை டம்ளர். வாசலில் நின்று சட்டைப் பட்டன்களை மேலிருந்து கீழே தொட்டுப் பார்த்தான். "போய்ட்டு வரேன்" என்றான். போனான்.

அப்பா அதற்கு முன்பே எங்கோ போய்விட்டு வந்து, இரண்டாவது முறையாக முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். முப்பது வருஷம் தண்ணி லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரே நாளில் இரண்டு தடவை சவரம் செய்து அவள் பார்த்ததில்லை.

"எங்கப்பா போய்ட்டு வந்தீங்க காலங்காத்தால?"

"நடை."

"வானம் இருட்டிட்டு நிக்குது. குடை எங்க?"

ஆணியில் குடை இல்லை. அப்பா கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "இருக்கும் எங்கயாவது. குடை என்ன, காலு முளைச்சு ஓடிடுமா?"

அவர் பொருளைத் தொலைக்கிற ஆள் இல்லை. முப்பது வருஷத்தில் ஒரு ஸ்பானர் தொலைத்ததில்லை. அவளுக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் லேப்புக்கு நேரமாகிவிட்டது. யாருக்கோ செய்ய வேண்டிய கீழ்த்தாடைப் பல்செட் காத்திருந்தது. போய்விட்டாள்.

*

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு இரண்டரை மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு வந்தாள். வீட்டிலிருந்து யாராவது மூன்று மணிக்கு வரவேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பியிருந்தார்.

இந்த ஒரு மாதத்தில் அவள் இங்கே வந்ததே இல்லை. நீளமான அறை. பின்னால் இரும்பு அலமாரிகள். முன்னால் தள்ளித் திறக்கும் கண்ணாடி ஜன்னல். டோக்கன் கொடுக்கும் பெட்டி. ஐந்து நாற்காலி. மூன்று டியூப்லைட்டில் நடுவிலிருந்ததைக் கழற்றி வைத்திருந்தார்கள். அது ரீங்கரிக்கிறது என்று தம்பி முதல் நாளே சொல்லியிருந்தான். கழற்றிய பிறகுதான் மற்றவர்களுக்கும் தினம் வந்த தலைவலி நின்றதாம்.

இதற்கு முன் இரண்டு இடம் பார்த்தாயிற்று. பெரிய கடை ஒன்றின் கிடங்கில் பதினொரு நாள். அட்டைப்பெட்டி ஒட்டும் கம்பெனியில் ஒரு மாதம். இரண்டும் அப்பா ஏற்பாடு. "யார் கண்ணுலயும் படாம ஒரு மூலையில உக்கார வைங்க, அவன் பாட்டுக்கு செய்வான்" என்று சொல்லித்தான் சேர்த்தார். மூலையில் உட்கார்ந்தவன் இரண்டு இடத்திலும் வாடிப்போய்த் திரும்பி வந்தான்.

பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தரும் மையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இரண்டு வாரம் நோட்டும் கையுமாக அவன் பின்னாலேயே திரிந்தாள். அவனுக்கு என்ன வராது என்று அவள் கேட்கவில்லை. "இவருக்கு எது அலுக்கவே அலுக்காது?" என்று கேட்டாள். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மூத்தவள்தான் பதில் சொன்னாள். "கேள்வி கேக்குறது. அதே கேள்வி, அதே வரிசையில. வீட்டுக்கு யார் வந்தாலும் அஞ்சு கேள்வி கேப்பான். அதனாலேயே யாரும் வர்றதில்ல."

அந்தப் பெண் நோட்டை மூடினாள். "அப்ப இவரை மூலையில ஏன் வச்சீங்க? ஜன்னல்ல இல்ல வைக்கணும்."

இப்போது ஜன்னலில் இருந்தான். எதிரே இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்.

"என்ன பொருள்?"

"பைங்க. நீலப் பை. அதுலதான் குழந்தையோட மருந்து..." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழுதுட்டே சொல்லலாம். டோக்கனுக்கு நேரக் கணக்கு கிடையாது. எந்த பஸ்?"

சொன்னாள்.

"எந்த சீட்டு?"

அதையும் சொன்னாள்.

"மூணு அடையாளம் வேணும். வெளியில பாத்தா தெரியாதது."

"மருந்து பாட்டில், மூடி மஞ்சள். அப்புறம் ஒத்தை சாக்ஸ். இன்னொண்ணு இவ கால்லதான் இருக்கு. அப்புறம்... ஜிப்பு நடுவுல சிக்கும்."

அவன் உள்ளே போனான். பையோடு வந்தான். ஜிப்பை இழுத்துப் பார்த்தான். "நடுவுல இல்ல. ஓரத்துல இருந்து மூணு விரல் தள்ளி. ஆனா சிக்குது. சரியா இருக்கு. இங்க கையெழுத்து."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. ஆனால் மேஜைக்கு அடியில் அவன் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தட்டிக்கொண்டிருந்தது. சந்தோஷமாக இருந்தால் மட்டும் அப்படித் தட்டுவான். மூத்தவள் அதைப் பார்த்து ஏழெட்டு வருஷம் இருக்கும்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். சிறிது நேரம் காத்தும் பார்த்தாள். வரவில்லை.

*

சூப்பர்வைசருக்கு நாற்பது சொச்சம் வயது. குரலில் எப்போதும் சளி கட்டியிருந்தது.

"உங்க தம்பிக்கு இங்க என்ன பேர் தெரியுமா? கறார்."

"திட்டா?"

"மொத வாரம் திட்டு. இப்ப பேரு." நாற்காலியை இழுத்துப் போட்டார். "முன்னாடி ஜன்னல்ல இருந்தவர் நல்ல மனுஷன்மா. அழுதா குடுத்துடுவாரு. சிரிச்சு பேசுனாலும் குடுத்துடுவாரு. ஆறு மாசத்துல பதினாலு பொருள் ஆள் மாறிப் போச்சு. உங்க தம்பி வந்து ஒண்ணுகூட மாறல."

"அப்ப எடுத்துக்குவீங்களா?"

"நான் எடுத்துக்குவேன். மேல இருக்கிறவங்க இருக்காங்களே." தலைக்கு மேலே விரலைக் காட்டினார். "ஒரு பெரிய ஆபீசர் பெட்டியைக் கேட்டு வந்தாரு. உள்ள என்ன இருக்குன்னு அவருக்கே தெரியல. டிரைவர் அடுக்கினதாம். உங்க தம்பி தரல. அந்தாளு நோட்டுல ஒரு பக்கம் புகார் எழுதிட்டுப் போய்ட்டாரு. ஜன்னல்ல இருக்கிறவனுக்குக் கொஞ்சம் நெளிவு சுளிவு வேண்டாமான்னு மேல கேக்குறாங்க."

"அதுக்கு?"

"நாலு மணிக்கு நான் எழுதி அனுப்பணும். ஒரு புகாரோட போனா பேசி வாங்கிடுவேன். ரெண்டாவதா இன்னொண்ணு ஏறுச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மணி மூன்று பத்து. ஐம்பது நிமிஷம். மூத்தவள் தலையை ஆட்டினாள்.

அப்போது வெளியே மணி அடித்தது. "டோக்கன் நாப்பத்தி நாலு" என்று தம்பியின் குரல் கேட்டது.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நாற்பத்து நாலாம் எண் டோக்கனைப் பிடித்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் முகமுமாக, அப்பா நின்றிருந்தார்.

ஆணியில் குடை இல்லாததன் அர்த்தம் அவளுக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது.

அப்பாவின் வழக்கமே இதுதான். தம்பி பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஓட்டப்பந்தயம் வந்தது. அப்பா மற்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்து மெதுவாக ஓடச் சொல்லியிருந்தார். தம்பி பாதி தூரம் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தான். எல்லாரும் ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்து நடந்தே வந்தான். அந்த மிட்டாய்க்காரர்தான் இப்போது குடையோடு கிளம்பியிருக்கிறார். காலையில் பேருந்தில் வைத்துவிட்டு இறங்கி, மதியம் வந்து கேட்டு, பையன் எடுத்துக் கொடுக்க, ஊரே கேட்கும்படி பாராட்டிவிட்டுப் போகத் திட்டம்.

அவள் வெளியே வந்தாள்.

"என்ன பொருள்?"

"குடைப்பா." அப்பா உரக்கச் சொன்னார், பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் சேர்த்து. "காலைல பஸ்ல விட்டுட்டேன். வயசாச்சுல்ல."

"எந்த பஸ்?"

"ஆறே முக்கால் பஸ்."

"எந்த சீட்டு?"

"முன்னாடி. டிரைவருக்குப் பின்னாடி."

"மூணு அடையாளம் சொல்லுங்க ஐயா."

அப்பா ஒரு கணம் திகைத்தார். "ஐயாவா?"

"ஜன்னல்ல எல்லாரும் ஐயா, அம்மா. மூணு அடையாளம்."

"கறுப்புக் குடை. மரக் கைப்பிடி. கைப்பிடி முனையில வெடிப்பு."

"அது வெளியில தெரியுது. வெளியில தெரியாதது சொல்லணும்."

"குடையில வெளியில தெரியாதது என்னடா இருக்கும்?"

நாற்காலியில் இருந்த ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

"விரிச்சா தெரியும். உள்பக்கம்."

அப்பா டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூத்தவளுக்குத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் காற்றில் அந்தக் குடை பிய்ந்து வந்தது. எட்டுக் கம்பியின் நுனியையும் பச்சை நூலால் தைத்தவன் தம்பி. லேப்பிலிருந்து அவள் கொண்டு வந்து கொடுத்த வெள்ளைச் சாயத்தில் ஒவ்வொரு கம்பியிலும் ஒன்றிலிருந்து எட்டு வரை எண் போட்டான். ஏழாம் கம்பியில் மட்டும் சாயம் வழிந்துவிட்டது. அதற்காக அன்று முழுக்க சாப்பிடவில்லை.

எட்டு வருஷமாக அப்பா அந்தக் குடைக்குக் கீழே நடந்திருக்கிறார். ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

அவர் பார்வை அவள் பக்கம் வந்தது. "ஏம்மா, நீ சொல்லேன்."

"டோக்கன் அவரோடது" என்றான் தம்பி. அவளைப் பார்த்துச் சொன்னான். கோபமாக இல்லை. டோக்கன் யாருடையது என்ற தகவலாகச் சொன்னான்.

பச்சை நூல் என்று இரண்டு சொல். அவள் சொல்லவில்லை.

அப்பாவுக்குக் காது சிவந்தது. "டேய், நான் உன் அப்பன்டா."

"தெரியும் ஐயா."

"அது என் குடைன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். எனக்குத் தெரியறது கணக்குல வராது. உங்களுக்குத் தெரியணும்."

"வீட்டுல தினம் பாக்குற குடைடா!"

"நீங்க பாக்கல ஐயா. புடிச்சிருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை இந்தத் தடவை.

தம்பி பதிவேட்டைத் திருப்பி, விரலால் ஒரு வரியைக் காட்டினான். "குடை மடிச்சு, பட்டன் போட்டு, சீட்டுக்கு நடுவுல வச்சிருந்துச்சு. மறக்கிறவங்க பட்டன் போட மாட்டாங்க. உங்களுக்கு முழங்கால் நீட்டணும், டிரைவருக்குப் பின்னாடி நீட்ட முடியாது. நீங்க எப்பவும் நடு வாசல் பக்கம்தான் உக்காருவீங்க. இது தொலைஞ்ச பொருள் இல்ல. விட்டுட்டுப் போன பொருள்."

பிறகு அவன் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். மேஜைக்கு அடியிலிருந்து சிவப்பு அட்டை போட்ட நோட்டை எடுத்து, பேனாவோடு ஜன்னல் வழியாகத் தள்ளினான்.

"பொருள் கிடைக்காதவங்க புகார் எழுதலாம். பேர், தேதி, காரணம். இங்க."

மூத்தவள் சூப்பர்வைசரைப் பார்த்தாள். அவர் கதவில் சாய்ந்துகொண்டு கையைக் கட்டியிருந்தார். தடுக்கவில்லை.

அப்பா பேனாவைப் பிடுங்கினார். நின்றபடியே எழுத ஆரம்பித்தார். லாரி ஓட்டிய கை, பேனா அதில் தீக்குச்சி மாதிரி இருந்தது. அவள் ஓடிப்போய் நோட்டை மூடியிருக்கலாம். வேண்டாம்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கால் நகரவில்லை. அப்பா எழுதினால் வேலை போய்விடும். வேலை போனால் அவள் இங்கேயே இருப்பாள். அந்த நினைப்பில் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. அதைக் கண்டபோதுதான் அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்கு ஏதோ வலித்த மாதிரி இருந்தது.

அப்பா இரண்டு வரி எழுதி நிறுத்தினார். வெகுநேரம் நின்றார். எழுதியதை அடித்தார். கீழே வேறு ஏதோ எழுதினார். நோட்டைத் திருப்பித் தள்ளிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தார். மழை அப்போதுதான் பிடித்திருந்தது. அப்படியே இறங்கிப் போனார்.

சூப்பர்வைசர் நோட்டை எடுத்துப் படித்தார். பிறகு அவளிடம் நீட்டினார்.

'குடை தரவில்லை. காரணம் சரி. வேண்டுமென்றே விட்டுப் போனது நான்.'

"இது புகார்ல சேராது" என்றார் சூப்பர்வைசர். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். "காலைல ஒன்பது மணிக்கே இதைக் கொண்டு வந்து என் மேஜைல வச்சுட்டான் உங்க தம்பி."

சீட்டில் அவனுடைய சதுரமான எழுத்து. 'வரிசை எண் 212. குடை. என் அப்பாவுடையது. தொலையவில்லை. இன்று வந்து கேட்பார். அடையாளம் சொல்லத் தெரியாது. சத்தம் போடுவார். நான் அப்பாவுக்குப் பொருள் கொடுக்கலாமா என்று விதியில் இல்லை. நீங்கள் நின்று பார்க்கவும்.'

"நின்னு பாத்தாச்சு" என்றார் சூப்பர்வைசர். மூக்கை உறிஞ்சினார். "சொந்த அப்பனுக்கே நெளியாதவன் ஆபீசருக்கு நெளியலன்னு எழுதுறேன். மேல என்ன சொல்வாங்கன்னு பாக்கலாம்."

*

நாலரைக்கு மேலிருந்து போன் வந்தது. ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை.

சூப்பர்வைசர் ஜன்னலுக்குப் போய்ச் சொன்னார். "கறார், நாளைல இருந்து நீ நிரந்தரம். ஒன்பதுக்கு இல்ல, எட்டே முக்காலுக்கு வரணும்."

"எட்டு நாப்பத்தஞ்சுன்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். அவன் மடித்துப் பையில் வைத்தான். கட்டைவிரல் மேஜைக்கு அடியில் தட்டிக்கொண்டே இருந்தது.

நாற்காலிகள் காலியாகிவிட்டன. மூத்தவள் எழுந்து ஜன்னலுக்கு அருகே போனாள். "வா, போலாம். அப்பா நனைஞ்சுட்டுப் போயிருக்காரு."

"அஞ்சு மணிக்குத்தான் மூடணும். இன்னும் பதிமூணு நிமிஷம் இருக்கு." அவன் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினான். "உனக்கு ஒரு தகவல் சொல்லணும். வரிசை எண் 187. கவர். வியாழக்கிழமை வந்துச்சு. மேல உன் பேர் இருக்கு."

அவள் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள படிக்கல. படிக்கக் கூடாது."

"நாலு நாளா வீட்டுலதானே இருக்கோம்? ஏன்டா சொல்லல?"

"ஆபீஸ் விஷயம் வீட்டுல பேசக் கூடாது. பயிற்சில சொன்னாங்க. தபால்ல அறிவிப்பு அனுப்பியிருக்கேன். நாளன்னிக்கு வீட்டுக்கு வரும்." கொஞ்சம் யோசித்தான். "இன்னிக்கு நீ ஆபீசுக்கு வந்திருக்க. அதனால சொல்லலாம்."

நாளன்றைக்குப் புதன்கிழமை. கெடு செவ்வாய்.

"கடைசி சீட்டு, ஜன்னல் பக்கம்" என்றான் அவன், பதிவேட்டைப் பார்த்தபடியே. "சீட்டுக்கும் தகரத்துக்கும் நடுவுல ஆழமா செருகி இருந்துச்சு. கண்டக்டர் ஸ்க்ரூடிரைவர் வச்சு எடுத்திருக்காரு."

மழை தகரக் கூரையில் அடித்தது. அவள் தன் விரல்களைப் பார்த்தாள். வியாழக்கிழமை அந்த விரல்கள் என்ன செய்தன என்று அவளுக்கு நினைவில்லை. நினைவில்லை என்றுதான் நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பி நிமிர்ந்தான். அவன் பொதுவாக யார் கண்ணையும் நேராகப் பார்ப்பதில்லை. இப்போதும் பார்க்கவில்லை. அவள் தோளுக்குச் சற்று மேலே பார்த்துக் கேட்டான்.

"தொலைச்சியா, விட்டுட்டு வந்தியா? எதுன்னு பதிவேட்டுல எழுதணும்."

அவன் காத்திருந்தான். காத்திருப்பது அவனுக்கு அலுக்காது.

"டோக்கன் இல்லாம கேட்டதுக்குப் பதில் கட்டாயம் இல்ல" என்றான் கொஞ்சம் கழித்து. "டோக்கன் எடுத்தா கட்டாயம்."

சுவரில் மணி நாலு ஐம்பது. பெட்டியின் வாயில் ஒரு துண்டுக் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. மூத்தவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை நீட்டி இழுத்தாள்.

அறுபத்தொன்று. அவளுக்கு முன்னால் வரிசையில் யாரும் இல்லை.